நாவலின் முதல் வரி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிறருடைய நாவல்களின் கையெழுத்துப் படிகளைப் படித்துச் செம்மைப்படுத்துவது என் வேலை. முதல் நாவலை எழுதிக்கொண்டிருப்பவர்களும், எழுதி முடித்த பிறகும் முதல் பக்கத்தையே திருத்திக்கொண்டிருப்பவர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பெரும்பாலும் கைப்பழக்கத்தில் வந்தவை. இலக்கியக் கோட்பாடு தேவைப்படுகிறவர்களுக்கு இவை போதாமல் இருக்கலாம்.

ஒரே ஒரு வரிக்காக இவ்வளவு கவலைப்பட வேண்டுமா?

ஓரளவுக்குக் கவலைப்படலாம். முதல் வரி சுமாராக இருப்பதற்காக யாரும் நல்ல நாவலைக் கீழே வைத்துவிடுவதில்லை. ஒன்றிரண்டு பக்கங்கள் பொறுத்துப் பார்ப்பவர்களே அதிகம். ஆனால் புத்தகக் காட்சியில் ஒரு கையில் பையுடன் நிற்பவர் பின்னட்டையைப் படித்துவிட்டு முதல் பக்கத்தைப் புரட்டும் அந்த அரை நிமிடத்தில் உங்களுக்காகப் பேச வேறு எதுவும் கிடையாது.

அதைவிடப் பெரிய காரணம் எழுதுபவரைச் சார்ந்தது. கதையைச் சொல்வது யார், சொல்பவருக்குக் கதைமாந்தரிடம் எவ்வளவு நெருக்கம், காலம் எந்த வேகத்தில் நகரப்போகிறது ஆகிய மூன்றும் முதல் வாக்கியத்திலேயே ஏறக்குறைய முடிவாகிவிடுகின்றன. தமிழின் முதல் நாவலாகக் கொள்ளப்படும், 1879இல் அச்சான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ கதாநாயகனே தன் ஊரையும் குலத்தையும் பிறப்பையும் சொல்லித் தொடங்குவது. அந்தத் தன்மைக் குரலைத் தேர்ந்ததால்தான் மாயூரம் வேதநாயகம் பிள்ளையால் அதன்பின் நகைச்சுவைத் துணுக்குகளையும் கிளைக்கதைகளையும் அறிவுரைகளையும் கூச்சமில்லாமல் உள்ளே கொண்டுவர முடிந்தது. பேசுவது பிரதாபன், பேச்சு எங்கே போனாலும் அது அவனுடைய சரித்திரத்தில் அடங்கிவிடும்.

முதல் வரி அதிர்ச்சி தர வேண்டும் என்கிறார்களே?

பிணத்திலும் துப்பாக்கிச் சத்தத்திலும் தொடங்கும் படிகள் என் மேசைக்கு நிறைய வருகின்றன. அவற்றில் பல, மூன்றாவது பத்தியில் தளர்ந்துவிடுகின்றன. அதிர்ச்சிக்கு அடுத்து என்ன செய்வது என்று ஆசிரியர் யோசித்து வைக்கவில்லை என்பது அங்கே தெரிந்துவிடும்.

பூமணியின் ‘வெக்கை’ (1982) கொலையில்தான் தொடங்குகிறது. ஆனால் வாசகரைப் பிடிப்பது அந்த வெட்டு மட்டும் அன்று. சிதம்பரம் என்ற சிறுவன் எதிரியின் கையை வெட்டுவதோடு நிறுத்திக்கொள்ளவே எண்ணியிருந்தான் என்ற செய்தி எடுத்த எடுப்பில் வந்துவிடுகிறது. எண்ணியதற்கும் நடந்ததற்கும் இடையே விழுந்த அந்த இடைவெளிதான் அடுத்து வரும் ஓட்டம் முழுவதற்கும் காரணம். நிகழ்ச்சியின் அளவைப் பார்க்காதீர்கள். அதில் சரியாக முடியாமல் தொங்கிக்கொண்டிருப்பது எது என்று பாருங்கள். கொலைக்குப் பதிலாகத் தீராத பால் கணக்கு ஒன்று தொங்கினாலும் வேலை நடக்கும்.

எழுத்துப் பயிற்சிக்கான ஆங்கில நூல்கள் தரும் அறிவுரை தமிழுக்குப் பொருந்துமா?

பாதிதான் பொருந்தும். தமிழ் வாக்கியத்தில் வினைமுற்று கடைசியில் வருகிறது. பெயரெச்சங்களும் வினையெச்சங்களும் வரிசையாக முன்னால் வந்து நிற்க, என்ன நடந்தது என்பதை வாசகர் இறுதிச் சொல்லில்தான் அறிகிறார். இதனால் தமிழில் எந்தச் சாதாரண வாக்கியத்துக்கும் பிறவியிலேயே ஓர் எதிர்பார்ப்பு அமைந்திருக்கிறது. அதே காரணத்தால், இறுதியில் நிற்கும் வினை சப்பென்று இருந்தால் வாக்கியம் முழுவதும் ஏமாற்றமாகிவிடுகிறது. ‘இருந்தது’, ‘காணப்பட்டது’, ‘நின்றுகொண்டிருந்தாள்’ என்று முடியும் முதல் வரிகளை நான் பென்சிலால் அடிக்கோடிடுவது இதனால்தான்.

கார்சியா மார்க்கேஸின் ‘தனிமையின் நூறு ஆண்டுகள்’ (1967) புகழ்பெற்ற முதல் வாக்கியத்தை எடுத்துக்கொள்வோம். பல ஆண்டுகள் கழித்து, மரண தண்டனை நிறைவேற்றும் துப்பாக்கிப் படையின் முன்னால் நிற்கப்போகும் ஒரு கர்னல், தன் தந்தை பனிக்கட்டியைக் காட்டுவதற்காகத் தன்னை அழைத்துச் சென்ற பழைய பிற்பகலை நினைவுகூர்வான் என்பது அதன் செய்தி. ஸ்பானிய மூலத்தில் கடைசிச் சொல் ‘பனிக்கட்டி’. மரணத்தில் தொடங்கி ஒரு குழந்தையின் வியப்பில் அந்த வாக்கியம் வந்து முடிகிறது. தமிழின் இயல்பான வரிசையில் பனிக்கட்டி நடுவில் மாட்டிக்கொள்ளும். முடிவில் ‘நினைத்துக்கொண்டான்’ என்றோ ‘நினைவுக்கு வந்தது’ என்றோதான் நிற்கும். சற்று முன் நான் எழுதிய வாக்கியத்தையே பாருங்கள், ‘நினைவுகூர்வான் என்பது அதன் செய்தி’ என்று எவ்வளவு வறட்சியாக முடிந்திருக்கிறது!

இதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வாக்கியத்தை இரண்டாக உடைப்பது. மற்றொன்று, பேச்சுத் தமிழ் எப்போதும் செய்வதைப் போல வினையை முன்னால் கொண்டுவந்து பெயரைக் கடைசியில் விடுவது. ‘போயிட்டான்யா உன் தம்பி’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். எழுத்தில் இதை எப்போதாவது ஒருமுறை செய்தால் பளிச்சென்று விழும். அத்தியாயத்துக்கு அத்தியாயம் செய்தால் மேடைப்பேச்சு வாடை வந்துவிடும்.

‘இறந்தான்’, ‘இறந்தார்’ என்பதில் அவ்வளவு வேறுபாடு இருக்கிறதா?

நாவலின் முதல் வரியில் மிகவும் கவனிக்காமல் விடப்படும் சொல் உறுப்பு வினைமுற்றின் விகுதிதான். ஆன், ஆள், ஆர் என்ற மூன்றில் எதைத் தேர்ந்தாலும், கதைசொல்லி கதைமாந்தரோடு எந்தத் திண்ணையில் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்பது வெளிப்பட்டுவிடும்.

அல்பேர் காம்யுவின் ‘அந்நியன்’ (1942), தாய் இன்று இறந்துவிட்டதாகவும், ஒருவேளை நேற்றாக இருக்கலாம், தனக்குத் தெரியாது என்றும் சொல்லித் தொடங்குகிறது. ஆங்கிலத்தில் 1946ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு பொதுவான ‘மதர்’ என்ற சொல்லை வைத்தது. 1988இல் வந்த புதிய மொழிபெயர்ப்பு, பிரெஞ்சுக் குழந்தைகள் அழைக்கும் ‘மமான்’ என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டது. அந்த ஒரு சொல்லைப் பற்றி ஆங்கிலத்தில் நிறைய எழுதியிருக்கிறார்கள். தமிழில் பெயர்ச்சொல்லில் சிக்கலே இல்லை, ‘அம்மா’ என்பது போதும். சிக்கல் வினையில் வருகிறது. ‘அம்மா இறந்துவிட்டாள்’, ‘அம்மா இறந்துவிட்டார்’, ‘அம்மா செத்துப்போனாள்’, ‘அம்மா காலமானார்’ என்று நான்கு விதமாகச் சொல்லிப்பாருங்கள். நான்கு வெவ்வேறு மகன்கள் எழுந்து நிற்பார்கள். நான்காமவன் செய்தித்தாளுக்கு இரங்கல் விளம்பரம் கொடுத்துவிட்டு வந்தவன். அவனால் அந்த நாவலைச் சொல்லவே முடியாது.

அதே காம்யு தமிழ் நாவல் ஒன்றின் முதல் வரிக்குள்ளும் வருகிறார். சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981), ஜோசஃப் ஜேம்ஸ் என்ற கற்பனை எழுத்தாளன் 1960 ஜனவரி 5ஆம் தேதி, காம்யு விபத்தில் மாண்டதற்கு மறுநாள், தன் 39ஆவது வயதில் இறந்தான் என்று தொடங்குகிறது. காம்யு கார் விபத்தில் இறந்தது உண்மையாகவே அந்த ஜனவரி 4ஆம் தேதி. நிஜமான ஒரு மரணத்துக்குப் பக்கத்தில் பொய்யான ஒரு மரணத்தை நிறுத்தி, இல்லாத மனிதனுக்குப் பிறப்புச் சான்றிதழும் இறப்புச் சான்றிதழும் ஒரே வாக்கியத்தில் கொடுத்தாகிவிட்டது. ஜே.ஜேயைப் பெரிதும் வியக்கும் ஒருவனே கதையைச் சொல்கிறான். ஆனாலும் ‘இறந்தார்’ என்று சொல்வதில்லை. அந்த ‘ஆன்’ விகுதி ஜே.ஜேயைச் சிலையாகாமல் காப்பாற்றுகிறது.

சின்னச் சொற்களால் வாசகரைப் பிடிக்க முடியுமா?

பெரிய சொற்களைவிட நன்றாகவே பிடிக்கலாம். ‘அன்று அவன் வரவில்லை’ என்பது வெறும் தகவல். ‘அன்றும் அவன் வரவில்லை’ என்று எழுதினால், அதற்கு முன் காத்திருந்த நாள்கள் எல்லாம் ஒரே எழுத்தில் வந்து சேர்ந்துவிடுகின்றன. ‘அன்றுதான் அவன் வரவில்லை’ என்றால் மற்ற நாள்களில் தவறாமல் வந்தவன் என்றாகிறது, கூடவே ஏதோ விபரீதமும் தெரிகிறது. இந்த ‘உம்’ என்ற இடைச்சொல்லுக்கு, அதாவது உம்மைக்கு, நன்னூல் எட்டுப் பொருள் சொல்கிறது. பள்ளியில் அதை மனப்பாடம் செய்தபோது ஒரு நாவலாசிரியருக்கு வேண்டிய கருவிப்பெட்டி அது என்று யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை.

மழையையும் மாலையையும் வைத்துத் தொடங்கக் கூடாதா?

வானிலையில் தொடங்காதீர்கள் என்பது அமெரிக்க நாவலாசிரியர் எல்மோர் லியோனார்ட் 2001இல் வெளியிட்ட விதிகளில் முதலாவது. இந்த வகைத் தொடக்கத்தின் கேலிச் சின்னமாகிவிட்டது, எட்வர்ட் புல்வர் லிட்டன் 1830இல் எழுதிய ‘பால் கிளிஃபோர்ட்’ நாவலின் இருண்ட புயல் இரவு. மோசமான முதல் வாக்கியங்களை எழுதும் போட்டி ஒன்றை அவர் பெயரிலேயே சான் ஹோசே பல்கலைக்கழகத்தில் 1982 முதல் நடத்தினார்கள். அந்த வாக்கியத்தை முழுவதும் படித்தால் குற்றம் புயலில் இல்லை என்பது தெரியும். மழை இடைவிடாமல் கொட்டியது என்று சொல்லி, உடனே அவ்வப்போது காற்று அதைத் தடுத்த நேரங்களைத் தவிர என்று திருத்தி, நடுவில் அடைப்புக்குறிக்குள் இது லண்டன் என்று அறிமுகமும் செய்து, வாக்கியம் தன் காலிலேயே தடுக்கி விழுகிறது.

லியோனார்டின் விதியை நாம் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்று தொல்காப்பியம் வகுத்த மரபு நம்முடையது. பத்துப்பாட்டில் முல்லைப்பாட்டு, நெடுநல்வாடை இரண்டுமே மழையில்தான் தொடங்குகின்றன. நெடுநல்வாடையில் குளிரில் மாடுகள் மேய்ச்சலை மறக்கின்றன, குரங்குகள் கூனிப்போகின்றன, பறவைகள் கீழே விழுகின்றன, பசுக்கள் கன்றுகளை உதறித் தள்ளுகின்றன. அரண்மனைக் கட்டிலில் தனித்துக் கிடக்கும் தலைவி வருவதற்கு வெகு முன்பே, உறவுகள் குளிரில் அறுந்துபோவதை நக்கீரர் காட்டிவிடுகிறார். முல்லைப்பாட்டில் மழை ஒரு தவணைத் தேதி. கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப்போனவனை எதிர்பார்த்து ஒருத்தி இருக்கிறாள். உங்கள் முதல் வரியில் பெய்யும் மழை யாருக்காவது கெடு வைக்கிறதா என்று பாருங்கள். வைத்தால் தாராளமாகப் பெய்யட்டும்.

வாசகரை நேரடியாக அழைத்துத் தொடங்கலாமா?

கல்கி ‘பொன்னியின் செல்வன்’ முதல் வரியில் அதைச் செய்தார்: “ஆதி அந்தமில்லாத கால வெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறி நம்முடன் சிறிது நேரம் பிரயாணம் செய்யுமாறு நேயர்களை அழைக்கிறோம்.” 1950 அக்டோபரில் வார இதழில் தொடங்கிய தொடர்கதை அது. வாரந்தோறும் கடையில் இதழ் வாங்கிச் சென்று வீட்டில் பலர் சேர்ந்து படித்த காலத்தில், அந்த அழைப்பு ஒரு கூட்டத்தைப் பார்த்துச் செய்யப்பட்டது. ‘சிறிது நேரம்’ என்று சொல்லிவிட்டு நான்கு ஆண்டுகளுக்குப் பக்கமாக ஓடத்தை ஓட்டினார் என்பது வேறு. அழைப்பு முடிந்த சற்று நேரத்திலேயே ஆடிப்பெருக்கு நாளில் வீரநாராயண ஏரிக்கரையில் ஒரு குதிரையும் அதன்மேல் ஒரு வாலிபனும் வந்துவிடுகிறார்கள் என்பதையும் கவனியுங்கள். இன்று இதே தொனியில் எழுதினால் பெரும்பாலும் பகடியாகவே ஒலிக்கும். பகடி எழுதுவதாக இருந்தால் தடையில்லை.

ஒரு பொதுவுண்மையைச் சொல்லித் தொடங்குவது?

டால்ஸ்டாயின் ‘அன்னா கரேனினா’ அப்படித் தொடங்கி வெற்றிபெற்றதால் வந்த ஆசை இது. மகிழ்ச்சியான குடும்பங்கள் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், துயருற்ற குடும்பம் ஒவ்வொன்றும் தனக்கே உரிய விதத்தில் துயருறும் என்ற அந்த வரிக்கு அடுத்து, கணவனின் கள்ள உறவு வெளிப்பட்டு அல்லோலகல்லோலப்படும் ஒரு வீட்டுக்குள் டால்ஸ்டாய் நம்மைத் தள்ளிவிடுகிறார். சொன்ன தத்துவத்துக்கு உடனே ஜாமீன் கொடுக்கிறார். ஜேன் ஆஸ்டின் 1813இல், வசதியான பிரமச்சாரிக்கு மனைவி தேவை என்பது உலகமே ஒப்புக்கொண்ட உண்மை என்று எழுதியது, பெண் பிள்ளைகளைப் பெற்ற அண்டைவீட்டார் கட்டிவைத்த ஆசையைத்தான், அது கேலி. கேலியும் இல்லாமல், ஜாமீனும் இல்லாமல் ‘வாழ்க்கை ஒரு நதி’ என்று தொடங்கும் படிகளை நான் இரண்டாம் முறை எடுப்பதற்கு நாளாகிறது.

உரையாடலில் தொடங்கினால் விறுவிறுப்பாக இருக்குமா?

பேசுவது யார் என்று தெரியாத நிலையில் பேச்சைக் கேட்பது, பேருந்தில் பின் இருக்கையில் இருப்பவர்களின் பேச்சைக் கேட்பது போன்றது. இரண்டு வரிகள்வரை சுவைக்கும். தமிழில் விளிச்சொல் இங்கே கைகொடுக்கும். ‘ஏலே’, ‘என்னங்க’, ‘சாமி’, ‘டீச்சர்’, ‘மச்சான்’ என்று ஒரே சொல் ஊரையும் உறவையும் படிநிலையையும் சொல்லிவிடுவதால், பேசுபவரை விவரிக்கும் பத்தியை மிச்சப்படுத்தலாம்.

வட்டார வழக்கில் தொடங்கினால் மற்ற ஊர்க்காரர்கள் விலகிப்போவார்களா?

கி. ராஜநாராயணனின் ‘கோபல்ல கிராமம்’ (1976) வந்து இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு இந்தக் கேள்வி எழக்கூடாது. கரிசல் மண்ணைப் பார்த்திராதவர்களும் அதைப் படித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். முதல் வரியில் புரியாத சொல் ஒன்று இருக்கலாம், மூன்று வேண்டாம் என்பது என் கணக்கு.

ஒரு முதல் வரியைத் திருத்திக் காட்ட முடியுமா?

பயிற்சிக்காக நானே வைத்துக்கொண்ட கதை ஒன்று: எழுபது வயதுச் சிவகாமியின் பெயரில் இருக்கும் வீட்டை அவளுடைய மகன்கள் விற்க நினைக்கிறார்கள். முதலில் கைக்கு வந்த வரி இது.

“அது ஒரு மழைக்கால மாலைப் பொழுது. ஜன்னலருகே நின்றிருந்த சிவகாமியின் மனத்தில் பழைய நினைவுகள் அலைமோதின.”

இதை எந்த நாவலின் தலையிலும் வைக்கலாம். அடுத்த முயற்சியில் இடத்தைக் கொண்டுவந்தேன்.

“பத்திரப் பதிவு அலுவலகத்தின் வேப்பமரத்தடியில் சிவகாமி தன் மகன்களோடு காத்திருந்தாள்.”

வேப்பமரம் வந்தது, பத்திரம் வந்தது; ஆனால் வாக்கியம் ‘காத்திருந்தாள்’ என்று தளர்ந்து படுத்துவிட்டது. மூன்றாவது முயற்சியில் பேராசைப்பட்டேன்.

“கணவன் கட்டிய வீட்டை விற்பதற்காக மகன்கள் அழைத்துவந்த அலுவலகத்தில்தான், சிவகாமிக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது என்பது எல்லோருக்கும் தெரிந்தது.”

பத்துப் பக்கச் செய்தி ஒரே வரியில் அடைபட்டு மூச்சுத் திணறுகிறது. தவிர, இது பொய். எழுதத் தெரியாது என்பது பெற்ற பிள்ளைகளுக்கு எப்போதோ தெரிந்திருக்கும். ஆனால் ‘பெயரை எழுதுவது’ என்ற விஷயம் இந்தத் தவற்றிலிருந்துதான் கிடைத்தது. கடைசியில் நின்றது இது:

“கைநாட்டு வைத்தால் போதும் என்று மூத்தவன் சொன்ன பிறகுதான் சிவகாமி தன் பெயரை எழுதப் பழகத் தொடங்கினாள்.”

வீடு என்ற சொல்லே இதில் இல்லை. ‘கைநாட்டு’ என்ற சொல்லில் பத்திரம் இருக்கிறது. ‘மூத்தவன்’ என்றதால் இளையவன் ஒருவன் இருக்கிறான். ‘போதும்’ என்பதில் மகனின் அலட்சியம் இருக்கிறது. ‘பிறகுதான்’ என்பதில் தாயின் ரோஷம். அவள் கையெழுத்துப் போடப் பழகுகிறாளா, போட மறுக்கப் பழகுகிறாளா என்பதை வாசகர் கேட்டுக்கொண்டே அடுத்த வரிக்குப் போவார். சிக்கனம் கருதி ‘தொடங்கினாள்’ என்பதை ஒருமுறை நீக்கிப்பார்த்தேன். ‘பழகினாள்’ என்று முடிந்ததும் அவள் கற்று முடித்துவிட்டாள், நாவலும் முடிந்துவிட்டது. மறுபடியும் சேர்த்தேன்.

முதல் வரியை எப்போது எழுத வேண்டும்? அது வராமலே இருந்தால்?

நம் மரபில் இதற்கு ஓர் ஏற்பாடு இருந்தது: இறைவன் அடி எடுத்துக் கொடுப்பான். சேக்கிழாருக்குத் தில்லையில் ‘உலகெலாம்’ என்ற சொல் கிடைத்தது. கச்சியப்ப சிவாச்சாரியாருக்குக் காஞ்சி குமரகோட்டத்து முருகன் ‘திகட சக்கரம்’ என்று எடுத்துக் கொடுத்தான். ஆனால் அதோடு தொல்லை தீரவில்லை. கந்தபுராண அரங்கேற்றத்தில் அந்த முதல் அடியிலேயே ஒரு புலவர் எழுந்து, ‘திகழ் தசக்கரம்’ என்பது ‘திகட சக்கரம்’ என்று புணர இலக்கணத்தில் விதி இல்லை என்று மறித்துவிட்டார். மறுநாள் வீரசோழியம் என்ற இலக்கண நூலில் விதி காட்டப்பட்ட பிறகே அரங்கேற்றம் தொடர்ந்தது என்பது மரபுக்கதை. கடவுளே கொடுத்த முதல் வரிக்கும் மறுப்பு வந்திருக்கிறது என்பதால், நான் பென்சிலால் குறித்து அனுப்பும்போது கோபித்துக்கொள்ளாதீர்கள்.

நம்மைப் போன்றவர்களுக்கு அடி பெரும்பாலும் நாவலுக்கு உள்ளிருந்துதான் கிடைக்கிறது. தற்காலிகமாக ஏதாவது ஒன்றை எழுதி வைத்துவிட்டு நாவலை முடியுங்கள். பிறகு முதல் இருபது பக்கங்களை உரக்கப் படித்து, குரல் தானாக நிமிரும் இடத்தைக் குறியுங்கள். எழுதத் தொடங்கும்போது நாம் தொண்டையைச் செருமிக்கொள்வதற்கே சில பத்திகள் ஆகிவிடுகின்றன. உண்மையான முதல் வரி அதற்குப் பின்னால் காத்திருக்கும். ஒரு நண்பரின் படியில் அது பதினொன்றாம் பக்கத்தில் இருந்தது. முந்தைய பத்துப் பக்கங்களில் அவருடைய ஊரின் தலபுராணம் முழுவதும் இருந்ததால் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. இரண்டு மாதம் பேசாமல் இருந்தார். பிறகு அந்தப் பத்தில் மூன்று பக்கங்கள் நடுவில் ஒரு பாட்டியின் வாய்க்கு இடம் மாறின. மீதி ஏழும் அவர் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.